சிவப்புக் கைப்பிடி

ஒரு மோட்டார் சைக்கிளின் ஆக்சிலேட்டர் கேபிள் எண்ணெய் காணாமல் காய்ந்துபோயிருந்தது. உள்ளே இரண்டு இழைகள் அறுந்தும்விட்டன. இறுகிப்போன ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி, வண்டிக்காரர் தணிகைவேலுக்கு மணிக்கட்டு வலித்தது. அவர் மூன்று நாள் கைபேசியில், கைப்பிடி வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்துவிட்டு, மெத்தென்ற சிவப்புக் கைப்பிடிகளை வாங்கி மாட்டினார்.

"இனிமே அவர் கைக்கு நான் பொறுப்பு" என்றது வலது கைப்பிடி.

"அண்ணே, எனக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க. இல்லேன்னா அறுந்துடுவேன்" என்றது கேபிள்.

"உள்ள கெடக்கிற உனக்கு என்னடா தெரியும்? என் கலரைப் பார்த்தியா?"

வலி போகவில்லை. தணிகைவேல் மறுபடி படித்தார். உள்ளங்கையால் அழுத்தியே ஆக்சிலேட்டரைத் திருப்ப உதவும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வந்து, கைப்பிடியின் மேல் உட்கார்ந்தது. அழுத்தம் கூடியதில் கேபிளுக்கு மேலும் மூன்று இழைகள் போயின.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்று கேபிள் கெஞ்சியது.

"சொல்லலாம்தான். ஆனா வலிக்குக் காரணம் நீன்னு தெரிஞ்சா, எங்களை எதுக்கு வாங்கினோம்னு யோசிப்பாரே" என்றது தட்டு.

வெள்ளிக்கிழமை காலை, மேம்பாலத்தின் ஏற்றத்தில் கேபிள் அறுந்தது. தணிகைவேல் இறங்கி, வெயிலில் வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.

கைப்பிடி தட்டிடம் பெருமையாகச் சொன்னது: "பார்த்தியா, இவ்வளவு தூரம் தள்றாரு. கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"