பதினேழாவது படம்

“ஒரே ஒரு வார்த்தைடா! சிரிக்கிற மூஞ்சிய சிரிக்குதுன்னு சொல்ல உனக்கு இன்னா கேடு?”

கோவிந்தம்மாள் வாசற்படியில் நின்று கத்தியது, திண்டிவனத்தில் அந்தத் தெருவின் கடைசி வீடு வரை கேட்டது.

“எனக்கு அது கோவமாத்தான் தெரியுது!” உள்ளேயிருந்து அவள் தம்பி சிங்காரமும் கத்தினான்.

எதிர்வீட்டு ஜெயம்மாளுக்கு அதற்குமேல் வெங்காயம் நறுக்க ஓடவில்லை. அவசரமாக டீ போட்டாள். சண்டை நடக்கிற வீட்டுக்குள் நுழைய டீயைவிட நல்ல சாக்கு ஏது?

விஷயம் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு ஜெயம்மாள் சொல்லியிருந்தாள். சிங்காரத்துக்கு மனச்சிதைவு நோய். எட்டு வருஷத்துக்கு முன்னால் காதில் குரல் கேட்கிறது என்று ரோடு ரோடாக நடந்தான். பெண்டாட்டி பாஞ்சாலியை அவள் வீட்டார் திருவெண்ணெய்நல்லூருக்கே அழைத்துப் போய்விட்டார்கள். மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனால் அடுத்தவர் முகம் பார்த்து மனசை அறிவதுதான் பிடிபடவில்லை.

அதற்காகத்தான் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவிலிருந்து கவிதா வாராவாரம் லேப்டாப்போடு வந்து, இருபது முகங்களைக் காட்டினாள். வெளிநாட்டு முகம் நம் ஆட்களுக்குச் சரிப்படவில்லையென்று, விழுப்புரம் பக்கமே ஆள் பிடித்து, சிரிக்கச் சொல்லி, முறைக்கச் சொல்லி எடுத்த படங்கள். இருபதும் சரியென்றால் பயிற்சி முடிந்தது, சான்றிதழ். அந்தத் தாளோடு வந்தால் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எடை போடும் வேலை தருவதாக மண்டிக்காரர் முருகையன் சொல்லியிருந்தார். சிங்காரமோ பத்தொன்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு, பதினேழாவது படத்தில் மட்டும், அது சிரிப்பு என்று கவிதா சொல்லிக்கொடுத்தும், பதினோரு வாரமாகத் தவறிக்கொண்டிருந்தான்.

“முருகையன் வேற ஆளத் தேடிக்கினு இருக்காரு மேடம். அந்தப் படத்த நானாச்சும் பாக்குறேனே?” என்று கோவிந்தம்மாள் உள்ளே வந்து கவிதாவிடம் கெஞ்சினாள்.

“இல்லக்கா, அவரத் தவிர யாருக்கும் காட்டக் கூடாது. ரூல்ஸ்.”

ரூல்ஸ் ஜெயம்மாளுக்கு இல்லை. “டீ சாப்புடுங்க மேடம்” என்று கவிதாவின் முதுகுப்பக்கமாகச் சுற்றி வந்து, குனிந்து டம்ளரை வைத்தாள். கவிதா லேப்டாப்பைச் சாய்ப்பதற்குள் பதினேழாவது படத்தைப் பார்த்தும்விட்டாள்.

ஜெயம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்தத் தெருவில் அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை.

சிங்காரம் முகம் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனான். ஜெயம்மாள் பின்னாலேயே போனாள். இரண்டே நிமிஷம். அதுவும் கிசுகிசு. கோவிந்தம்மாள் காதைத் தீட்டியும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. ஜெயம்மாள் திரும்பி வந்த பிறகும் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டேயிருந்தது.

அவன் ஈர முகத்தோடு வந்து உட்கார்ந்தான்.

“மேடம், பதினேழ இன்னொரு வாட்டி காட்டுங்க.”

பார்த்தான். கவிதாவின் டீ ஆறி ஆடை கட்டும் வரை பார்த்தான்.

“சந்தோஷம்” என்றான். “நல்ல சந்தோஷமாத்தான் இருக்குது மேடம்.”

“இருபதுக்கு இருபது!” கவிதா கைதட்டினாள். “இனிமே இந்தப் படமெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லண்ணா.” லேப்டாப்பை மூடினாள். மூடிய பிறகும் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தம்மாள் கற்பூரம் தேடி ஓடியவள், பாதியில் நின்றாள். “அப்படி இன்னாதான் சொன்ன ஜெயா அவங்கிட்ட?”

“தைரியம் சொன்னேன்” என்றாள் ஜெயம்மாள்.

குழாயடியில் அவள் சொன்னது இதுதான்: “வீட்ல இருந்த அவ போட்டோவெல்லாம் உங்கக்கா அடுப்புல போட்டுட்டான்னு, வேணுமின்னே தப்புத் தப்பா சொல்லி வாராவாரம் அந்தப் பாஞ்சாலி மொகத்தப் பாத்துக்கினு இருக்கியாடா? போதும் தம்பி, அவ போன தையிலயே கிளியனூர்ல வேற ஒருத்தரக் கட்டிக்கினு போயிட்டா.”