கவிழ்ந்த படகு

ஈரச் சட்டையோடு வந்த மிதுனை வாசலிலேயே நிறுத்தினாள் மனைவி தாரணி. அவள் தலையும் இன்னும் காயவில்லை.

“முதல்ல வந்துட்டிருந்த படகு, கரைக்குப் பக்கத்துல எப்படிங்க கவுந்துச்சு?”

“அணையில ஆடிக் காத்து அம்மணி. பின்னாலிருந்து தள்ளுன தள்ளுல, படகோட மூக்கு தண்ணியில குத்திருச்சு.”

“காத்து பின்னால தள்ளுனா, படகுல பின்னால நகந்து உக்காரோணும். எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானுங்க. அப்புறம் எதுக்கு முன்னால நகந்தீங்க?”

மிதுன் சட்டை நுனியைப் பிழிந்தான்.

உள்ளிருந்து வந்தாள் மாமியார் சின்னாத்தாள். “உட்டுப்போடு கண்ணு. பாய்மரப் போட்டியில தோத்தா என்ன, உசுரோட வந்துட்டானல்லோ.”

“அவரு தோத்ததுக்குக் கோவமில்லீங்க அத்தை.”

தாரணி பையிலிருந்து வெற்றிக் கோப்பையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“பின்னாலயே ரெண்டாவது படகுல வந்தது நானுங்க. பொண்டாட்டி செயிக்கட்டும்னு இவரே கவுத்துப்போட்டாரு.”

மிதுன் வாயைத் திறப்பதற்குள் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை மறுக்கா போறோமுங்க. அன்னைக்கும் கவுத்தீங்கன்னா, நீந்தியே ஊடு வந்து சேருங்க.”