புனிதவதியின் கொசுப்புழுக்கள்

அரசு மானியம் கிடைக்காவிட்டால், மலேசியாவின் கிள்ளானில் இருந்த தம் டெங்கி ஆய்வுக்கூடத்தை முனைவர் புனிதவதி அடுத்த மாதமே இழுத்து மூட வேண்டியதுதான். மானியக் குழு அன்று நேரில் பார்வையிட வருவதாக இருந்தது. ஆகவே, கழுத்தில் அரசு அட்டை தொங்க இருவர் வாசலில் நின்றதும், அவர்களை அவர் வாய் திறக்கவே விடவில்லை.

“வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்.”

தட்டுத் தட்டாகக் கொசுப்புழுக்கள் நெளிந்தன. மூத்தவர் குனிந்து பார்த்தார்.

“எல்லாம் டெங்கி பரப்புற ஏடிஸ்ஸா, டாக்டர்?”

“சுத்தமான ஏடிஸ்! ஒண்ணுகூட சாகலே.”

“நீங்களே வளர்த்ததா?”

“வேற யாரு? சொந்தக் காசு போட்டு வளர்க்கிறேன் லா.”

உடன் வந்தவர் ஒரு தட்டையும் விடாமல் படமெடுத்தார். புனிதவதி பூரித்துப்போய்த் தேநீர் கொடுத்தார்.

அதைக் குடித்து முடித்த மூத்தவர், பையிலிருந்த சிறு புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார்.

“நாங்க சுகாதாரத் துறை, டாக்டர். கொசு வளர்த்ததுக்கு அபராதம்.”

“ஐயோ, இது ஆராய்ச்சிங்க!”

“கவலைப்படாதீங்க,” என்றார் அவர் பரிவோடு. “இந்தக் காசு வேற எங்கேயும் போகாது. டெங்கி ஆராய்ச்சி மானியத்துக்குத்தான் போகுது.”