பாலத்துக்குப் பச்சை

"செவப்பு வேணாம்மா. பச்சையா மாத்து. நல்ல நாளும் அதுவுமா செவப்பைக் காட்டிக்கினு..."

காஞ்சிபுரத்தில் இப்படி ஒரு குரல் கேட்டால் பட்டுப்புடவைக் கடை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கோட்டப் பொறியாளர் உமாபதி மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்த்தது புடவையை அல்ல, கம்ப்யூட்டர் திரையை. சுற்று வட்டாரத்துப் பாலங்கள் எல்லாம் அதில் பச்சைப் புள்ளிகளாக இருக்க, ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தது.

"அது நரிமடுவுப் பாலம் சார்" என்றாள் ஸிந்துஜா. பாலங்களின் பராமரிப்பைக் கவனிக்கும் சாஃப்ட்வேரை நிறுவித் தருவதற்காக ஒரு தனியார் கம்பெனி அனுப்பியிருந்த பெண். "தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல இருக்கற பேரிங் நசுங்கிப் போயிருக்கு. அடியில விரிசல் வேற. நானே கீழ இறங்கி போட்டோ எடுத்து ஏத்தினேன். உடனே மூடச் சொல்லுது."

உமாபதி சிரித்தார். அடுத்தவர் படிப்பை எச்சில் இலை மாதிரி ஒதுக்கித் தள்ளும் சிரிப்பு அது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒழுங்காகப் பராமரித்து வந்தது அந்தச் சிரிப்பை மட்டும்தான்.

காலையில் வரும்போதே மனுஷன் கடுகடுவென்றுதான் வந்தார். ஏனாத்தூர் வீட்டிலிருந்து கிளம்பியவரை ரயில்வே கேட்டில் நிறுத்திவிட்டார்களாம். ரயில்வேயைத் திட்ட முடியாததால் வாசலில் வணக்கம் வைத்த வாட்ச்மேனைத் திட்டிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"மூடச் சொல்லுதா? போன மாசம் சுவத்துல போஸ்டர் கிழிஞ்சிருந்ததைப் பார்த்து விரிசல்னு சொன்ன பொட்டிதானே இது?"

ஸிந்துஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அது உண்மைதான். புத்தம்புதுப் பாலம் ஒன்றை அந்தப் போஸ்டர் கிழிசலுக்காகச் சிவப்பாக்கி, அலுவலகமே கைகொட்டிச் சிரிக்கும்படி ஆகியிருந்தது.

"இது அப்படி இல்ல சார். இதை நான் கண்ணால பார்த்தேன்."

"எந்தப் பாலத்துலம்மா விரிசல் இல்ல? நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் வர்றாரு. படம் முழுக்கப் பச்சையா இருக்கணும். பாலத்தை மூடினா காலேஜ் பஸ்ஸு, கம்பெனி வேனு எல்லாம் ரயில்வே கேட்டு வழியா சுத்திக்கினு போவணும். ஜனங்க கேட்டா யாரு பதில் சொல்றது, உன் பொட்டியா?"

"பச்சைன்னு போட்டா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு யாருமே அந்தப் பாலத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க சார். அதுதான் சிஸ்டம். நடுவுல ஒரு பஸ் போறப்ப தளம் உட்கார்ந்துடுச்சுன்னா? அத்தனையும் படிக்கிற பசங்க."

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாதும்மா" என்று நாற்காலியில் சாய்ந்தார் உமாபதி. "எங்கப்பா தறியில உக்காந்தார்னா, சத்தத்தை வச்சே எந்தப் பக்கம் இழை அறுந்துச்சுன்னு சொல்லுவாரு. எனக்குப் பாலமும் அப்படித்தான். வண்டி ஏறி எறங்குற அதிர்வுலயே அதோட ஜாதகம் தெரிஞ்சுடும்."

அப்பா தறியில் உட்கார்ந்தது நிஜம். மகன் உட்கார்ந்ததெல்லாம் ஏசி அறையில்தான். ஆனாலும் அந்தக் குரலில் இருந்த உறுதி ஸிந்துஜாவை அசைத்தது.

"மாத்தணும்னா காரணம் கேக்கும் சார். பொறியாளர் நேர்ல ஆய்வு பண்ணாரான்னு கேக்கும். என்ன போடட்டும்?"

"ஆய்வா? தெனம் ரெண்டு வேளை அது மேலதான்மா வர்றேன், போறேன். இதோ உசுரோட உன் எதிர்ல உக்காந்துக்கினு இருக்கேன். இதைவிட என்ன ஆய்வு வேணும்? எழுதிக்க."

ஒரு மனிதர் தன் உயிரையே தினமும் அந்தப் பாலத்தின் மேல் ஏற்றி இறக்குகிறார். நசுங்கிய பேரிங்கைப் பற்றித் தான்தான் பெரிதாகப் பயந்துவிட்டோமோ என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து, ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.

சிவப்புப் புள்ளி பச்சையானது.

"அவ்ளோதான் வேலை. இதுக்குப் போய் ஒரு மணி நேரம் லெக்சர்" என்றார் உமாபதி. "படிச்ச பொண்ணுங்களே இப்படித்தான், தொட்டதுக்கெல்லாம் பயம்."

அப்போது அவருடைய போன் அடித்தது. மகளைக் கல்லூரியிலிருந்து அழைத்துவரப் போயிருந்த டிரைவர் பாண்டியன். அவன் கத்திப் பேசுகிற ஆள். போனுக்கு வெளியிலும் குரல் கணீரென்று கேட்டது.

"சார், கேட்டு மூடிட்டான், தொறக்க நேரமாவுமாம். நரிமடுவுப் பாலத்து வழியா வந்துடட்டுமா?"

உமாபதி துள்ளி எழுந்தார். ஸிந்துஜா எதிரில் இருப்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

"டேய், வண்டியில பாப்பா இருக்காடா! எவ்ளோ நேரமானாலும் நின்னு, எப்பவும் போல கேட்டு வழியாவே வா!"