ஒரு சாண் ஸ்தூபி

“இருந்தவங்க பேரை முதல்ல எழுதிக்கய்யா” என்றார் இன்ஸ்பெக்டர் சுந்தரமூர்த்தி.

ஏட்டு தேதி போட்டு எழுதினார்: 1929 மார்ச் 4. ஆதிகேசவ ஆசாரி, அவர் தம்பி வேலாயுதம், வேலாயுதத்தின் மனைவி தேவகி, தோல் மண்டி வாஹித் பாஷா.

மேஜைமேல் ஒரு சாண் உயரத்தில் சாஞ்சி ஸ்தூபி நின்றது. நாலு தோரணம், சுற்றுவேலி, உச்சியில் குடை. தோரணத்து யானைகளின் கால்நகம்கூடத் தெரிந்தது. துரை ஒருவர் நடத்திய மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து காலையில்தான் எடுத்து வந்திருந்தார்கள். ‘யானைத் தந்தம். வேலை: ஆம்பூர் வேலாயுதம்’ என்ற அட்டை அடியில் ஒட்டியிருந்தது. அந்த அட்டையைப் பார்க்கவே ஆதிகேசவர் மூன்று முறை ரயிலேறிப் போயிருக்கிறார்.

“ஜமீன் யானை செத்த அன்னிக்கு ஒரு தந்தம் காணாமப் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு நீ இதைச் செஞ்சு விக்கிற. தந்தம் எங்கேருந்து வந்துச்சு?”

வேலாயுதம் அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

“அங்க இன்னாய்யா பார்வை? அவரு மூஞ்சியிலயா எழுதி ஒட்டியிருக்கு? செதுக்கினது யாரு?”

“நான்தானுங்க.”

“தந்தம்?”

வாஹித் பாஷா தொண்டையைச் செருமினார். ஆதிகேசவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பாஷா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்ல முடியாதுங்க” என்றான் வேலாயுதம்.

தேவகி ஆதிகேசவரின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். “மாமா, உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்ல மாட்டேன்றீங்க. வாயைத் தொறங்க மாமா!”

“எழுந்திரு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஸ்டேஷன்ல அழறதில்ல.”

வெளியே வந்ததும் பாஷா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஆசாரியாரே, வேலாயுதம் எனக்கு தோஸ்த். ஒரே ஒரு வார்த்தை. சொன்னா இன்னிக்கே வீட்டுக்கு வந்துடுவான். உங்களால முடியலன்னா நான் சொல்றேன்.”

“சொல்லுங்க பாய். விடிஞ்சா என் பொணத்தைக் கிணத்துலேருந்து தூக்கிப் போடுங்க.”

“கூடப் பொறந்தவனைவிடவா பேரு ஜாஸ்தி?”

“திருடன்னு பேரு வந்தா பத்து வருஷத்துல ஊர் மறந்துடும். இதை மறக்காது. சாமிக்குக் கண் திறக்கிற வீடு பாய் எங்களோடது. எங்க கை பட்டாத்தான் சிலை சாமியாகும்.”

பாஷா கையை விட்டார்.

மூன்று வருஷம் தண்டனை. தீர்ப்பு வாசிக்கும்போதும் வேலாயுதம் அண்ணனையே பார்த்தான். அதில் கோபமில்லை, உத்தரவு கேட்கும் பார்வை. ஆதிகேசவர் நிமிர்ந்தே நின்றார். தலை அசையவில்லை.

எட்டாம் மாதம் ஜெயிலில் காய்ச்சல் கண்டு வேலாயுதம் செத்துப்போனான். தேவகி கணியம்பாடிக்குத் தாய்வீடு போனவள் திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் கோயிலில் புதுச் சிலைக்குக் கண் திறக்க ஆதிகேசவரைத்தான் கூப்பிட்டார்கள். “திருடினது தம்பி கை, அண்ணன் கை சுத்தம்” என்றார் தர்மகர்த்தா. அவர் உளி பிடித்தார்.

அண்ணன் திருடிய தந்தத்துக்காகத் தம்பி ஜெயிலுக்குப் போனான் என்று ஆம்பூரில் ஒரு பேச்சு உண்டு.

அது பொய். அந்த வீட்டில் யாரும் எதையும் திருடவில்லை. அந்த ஸ்தூபியில் துளித் தந்தமும் இல்லை. அது முழுக்க, பாஷாவின் மண்டிக்குத் தோல் உரிக்கும் களத்தில் வேலாயுதம் பொறுக்கி வந்த பசு எலும்பு.