நைனாவின் வைஃபை

“தோ, மறுபடியும் பூடுச்சு!” என்று தாவீது போனைத் தூக்கி மகள் ஜோதிகாவின் மடியில் போட்டார்.

திரையில் ஒரு கபடி ஆட்டக்காரன் நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டியபடி அப்படியே உறைந்து கிடந்தான். அவன் முகத்தின் மேல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜோதிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் ஆனால் போதும், இதே கூத்து. காலையில் ஒழுங்காக இருக்கும், மத்தியானம் ஒழுங்காக இருக்கும், விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தப் போனுக்கு மட்டும் வைஃபை செத்துப்போகும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி தானாக வந்து நிற்கும்.

போனைச் செய்த கம்பெனி அதை எப்போதோ கைகழுவிவிட்டது. பழைய ஆண்ட்ராய்டில் பேங்க் ஆப் ஓடாது என்று ஆனதும், புது ஆண்ட்ராய்டை இவள்தான் ஏற்றினாள். ஏற்றியதும் வைஃபை எழவே இல்லை. வைஃபை சிப்பை இயக்க டிரைவர் என்று ஒரு புரோகிராம் உண்டு; பழைய சிஸ்டத்துக்கு எழுதியது புதியதில் ஓடாது; உட்கார்ந்து வரிவரியாக மாற்றி எழுத வேண்டும். சென்னை ஆபீசில் அவளுக்குச் சம்பளமே இந்த வேலைக்குத்தான். ஊரான் போனையெல்லாம் ஓடவைத்துவிட்டு, பெற்ற அப்பன் போனில் தோற்றுப்போனால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“என்னாத்த படிச்சியோ போ. செல் கடைக்காரன் அஞ்சு நிமிஷத்துல பண்ணிக் குடுப்பான்.”

“அப்ப அவன்கிட்டயே குடு நைனா. என் உசுர வாங்காத.”

முசரவாக்கம் கிராமத்தில் அவர்கள் வீட்டுக்குள் டவர் எடுக்காது. வைஃபை இல்லையென்றால் போன் வெறும் டார்ச்லைட்தான். பகலெல்லாம் பட்டுக்கடை வேனை ஓட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு வேறு பொழுதும் கிடையாது. முன்பாவது மேட்ச் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சண்டைபோட ஜான்சன் இருந்தான்.

ஜான்சன் அவளுடைய தம்பி. ஒரகடம் கம்பெனி வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டு பேண்டு செட்டில் டிரம்ஸ் அடிக்கப் போகிறான் என்று தெரிந்த அன்று, சர்ச் வாசலில் அத்தனை பேர் முன்னால் தாவீது கை நீட்டிவிட்டார். அன்றைக்குப் போனவன்தான். சிம்மையும் மாற்றிவிட்டான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எம்புள்ளைய எங்கனா பாத்தீங்களா?” என்று கேட்டுக் கேட்டு அம்மா எஸ்தர் ஓய்ந்துபோனாள். தட்டில் கை வைத்தால் ரெண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. தாவீதோ அவன் பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

ஜோதிகா லேப்டாப்பைத் திறந்தாள். டிரைவரில் மாற்றுவதற்கு இனி ஒரு வரிகூட மிச்சமில்லை. வைஃபை சிப் தூங்கிவிடாதபடி செய்து பார்த்தாயிற்று. ரவுட்டரை அலமாரி மேல் ஏற்றிப் பார்த்தாயிற்று. ஆபீசில் ஒருத்தர் விடாமல் கேட்டு மானமும் போயாயிற்று.

வெறுத்துப்போய் போனை முழுசாக அணைத்தாள். தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று லேப்டாப்பில் ரவுட்டரின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

நைனாவின் போன் இணைப்பில் இருப்பதாகக் காட்டியது.

“அடச்சீ, இதுக்கும் மண்ட கழண்டுக்கிச்சா?”

திரும்பவும் பார்த்தாள். அணைந்து கிடக்கிற போனுக்கு ஏதோ வீடியோ இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் மட்டும் ரொம்ப பலவீனம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல.

அந்த வரியில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

ஒவ்வொரு போனின் வைஃபைக்கும் தனியாக ஓர் எண் உண்டு. அதை வைத்துத்தான் யார் எவர் என்று ரவுட்டர் கண்டுகொள்ளும். ஒரே எண்ணோடு இரண்டு போன் வந்தால், பின்னால் வருவது முன்னால் இருப்பதைத் தள்ளிவிடும். நைனாவும் தம்பியும் சேர்ந்து போய் ஒரே மாதிரி போன் வாங்கியவர்கள். முதலில் தம்பியின் போனில்தான் இந்த டிரைவரை அவள் ஓடவைத்தாள். அவன் வீட்டைவிட்டுப் போன பிறகு அதையே அப்படியே நைனாவின் போனிலும் ஏற்றினாள். அவன் எண்ணும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. புத்தி கெட்டவள்! ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள் செய்தால் இவளே திட்டித் தீர்க்கிற தப்பு.

அப்படியென்றால் ஜான்சன் தினமும் சாயங்காலம் வருகிறான். பின்சுவர் ஓரமாக நின்றுவிட்டுப் போகிறான். அவன் போனுக்கு வீட்டுப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறது, அது கூச்சமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. அவனுக்குத்தான் ரோஷம். அப்பனுக்கு மேல் ரோஷம்.

“இன்னாமா, ஆச்சா இல்லியா?”

“கண்டுபுடிச்சிட்டேன் நைனா. உன் போனும் ஜான்சன் போனும் ஒரே வைஃபை நம்பர்ல ஓடுது. அவன் இப்ப நம்ம வீட்டுப் பின்னாடிதான் நின்னுக்கினு இருக்கான். அவன் போன உள்ள கொண்டாந்தாதான் இத சரி பண்ண முடியும்.”

அடுப்படியில் கரண்டி விழுந்தது. பின்பக்கம் ஓடப்போன அம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தினாள் ஜோதிகா. அம்மா கூப்பிட்டால் அழுதுவிட்டுப் போய்விடுவான், வரமாட்டான்.

தாவீது தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“போனுக்குத்தான?” என்றார்.

“போனுக்குத்தான் நைனா. நீ கேட்டாதான் குடுப்பான்.”

அவர் எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து, பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டே பின்கதவைத் திறந்தார். செருப்புகூடப் போடவில்லை.

“டேய் ஜான்சா!” என்று அவர் கூப்பிட்டது பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

ஜோதிகா லேப்டாப்பை மூடிவைத்தாள். நைனாவின் போனில் மட்டும் எண்ணை மாற்றினாலே போதும். அரை நிமிஷ வேலை.