பன்னிரண்டாம் நம்பர் தேறிட்டார்

"உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கூட ஏம்மா தேற மாட்டேங்கறாங்க?"

பேராசிரியர் கேட்டது, அவருடைய ஆய்வுக்காகப் போனில் பேசும் வேலை பார்ப்பவளை; ஆபீசில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'.

ஆய்வு இதுதான். தனியாக வாழ்கிறவர்களை வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டுப் பேசினால் தனிமை குறையுமா? குறையும் என்று நிரூபித்துவிட்டால், அரசாங்கமே இதை எல்லா ஊரிலும் செய்யும்.

பேசி முடித்ததும் கடைசியாக ஒரு கேள்வி: "இந்த வாரம் தனிமையா இருந்துச்சா?" 'இல்லை' என்று சொன்னால் அவர் தேறிவிட்டார் என்று அர்த்தம். அதோடு அவருக்குப் போன் நின்றுவிடும். இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

பெயர், விலாசம், போன் நம்பர் எதையும் இரண்டு பக்கமும் கேட்கக்கூடாது. கம்ப்யூட்டரில் தெரிவது வெறும் வரிசை எண். அதைத் தொட்டால் மறுமுனையில் மணி அடிக்கும், அவ்வளவுதான்.

பக்கத்து மேஜைக்காரனுக்கு ஆபீசில் 'மின்னல்' என்று பெயர். அவன் பட்டியலில் பாதிப் பேர் தேறிவிட்டார்கள்.

"ரொம்ப சிம்பிள்க்கா. அதே நாலு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பேன். அவங்களே 'நல்லா இருக்கேன் தம்பி, வச்சிடறேன்'னுடுவாங்க."

"இவர்கிட்ட கத்துக்கோங்க," என்றார் பேராசிரியர். "இந்த வாரம் ஒருத்தராவது தேறணும். இல்லைன்னா உங்க சீட்டுக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அக்காவுக்கு இந்த வேலை போகக் கூடாது. சம்பளம் ஒரு பக்கம். வீட்டுக்குப் போனால் பேசுவதற்குச் சுவரை விட்டால் ஆள் இல்லை, அது இன்னொரு பக்கம்.

பன்னிரண்டாம் நம்பரைத் தொட்டாள். அவர் பூட்டு ரிப்பேர் செய்து ஓய்ந்தவர். மனைவி போன பிறகு ஒண்டிக்கட்டை.

"வா தங்கச்சி! உன் வீட்டுப் பூட்டு என்ன சொல்லுது? சாவியில பென்சில் தேய்ச்சியா?"

"தேய்ச்சேண்ணே. இப்ப தொட்டாலே திறக்குது."

"பின்னே? பென்சில் கரிதான் பூட்டுக்கு மருந்து. எண்ணெய் விடப் போறேன்னு நின்னியே, மண்டு! விட்டிருந்தா தூசிதான் ஒட்டும்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பக்கத்து வீட்டுப் பூனை வந்து அதை நக்கியது என்று மனுஷர் கதை கதையாக அளந்தார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இந்த வாரம் தனிமையா இருந்துச்சாண்ணே?"

"ரொம்ப. தாங்க முடியலம்மா."

வந்ததே கோபம் அக்காவுக்கு!

"ஏண்ணே, இவ்வளவு நேரம் சிரிச்சிட்டு இப்படிச் சொல்றீங்களே! வாராவாரம் இதே பல்லவி. உங்களால என் வேலையே போகப் போகுது!"



"வேலை போகுமா?"

"ஒருத்தராவது தேறலைன்னா, இந்த வாரத்தோட சரி."

"அடக் கடவுளே... முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, மறுபடி கேளு."

"என்னத்தை?"

"அந்தக் கேள்வியைத்தான்."

"இந்த வாரம் தனிமையா இருந்துச்சா?"

"இல்லை. துளிக்கூட இல்லை. போட்டுக்கோ."

அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. மனுஷர் மனசு மாறுவதற்குள் சட்டென்று 'இல்லை'யை அழுத்தினாள்.

"போட்டுட்டேண்ணே! இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ கூப்பிட மாட்டியேம்மா."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, இருங்க, வச்சிடாதீங்க..."

"பூட்டு மறுபடி முரண்டு பிடிச்சா பென்சில்தான். எண்ணெய் விட்டுடாதே. வரட்டுமா?"

போனை வைத்துவிட்டார். கம்ப்யூட்டரில் பதினொன்றுக்கு அடுத்ததாகப் பதின்மூன்று இருந்தது.

அதற்குள் பேராசிரியர் கைதட்டிக்கொண்டே வந்தார்.

"சபாஷ்! பன்னிரண்டாம் நம்பர் தேறிட்டாரே! இனி உங்க வேலைக்குப் பயமில்லை. இதே மாதிரி மத்தவங்களையும் சீக்கிரம் தேத்தி விட்டுடுங்க." பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

அக்கா நிமிர்ந்தாள்.

"நல்லா இருக்கேன் சார்."